ஊரார் மீட்ட மதுவிடுதி: வேல்ஸ் நாட்டின் பாங்கோரில் படிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மூடிக்கிடக்கும் மதுவிடுதியை மீட்க ஒரு கிராமத்தார் தங்கள் சேமிப்பைப் போடுவது உனக்கு விளங்கவில்லை என்றும், அந்தப் பணத்தில் வேல்ஷ் மொழி வகுப்புகள் நடத்தலாமே என்றும் எழுதியிருந்தாய். மதுக்கடை என்றாலே குடும்பம் கெடும் இடம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. நானும் மதுவைத் தொடாதவன். ஆயினும் நீ இருக்கும் ஊருக்குத் தென்மேற்கே, லீன் தீபகற்பத்திலுள்ள லித்வைன் என்ற சிற்றூரைப் பற்றி உனக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கருங்கல் குவாரிகளை நம்பி மலைச்சரிவில் எழுந்த ஊர் அது. விக்டோரியா அரசியின் பெயரைத் தாங்கிய அங்குள்ள மதுவிடுதியை ஊரார் 'தவர்ன் அ விக்' என்று தங்கள் மொழியில் சுருக்கி அழைக்கிறார்கள். 1988 முதல் அதை ஊர்க் கூட்டுறவாகவே நடத்திவருகிறார்கள். இத்தகைய கூட்டுறவுகளில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான் என்பதால், செல்வர் ஒருவர் நினைத்த மாத்திரத்தில் இடத்தை விடுமுறை வீடாக மாற்றிவிட முடியாது. வெளியூரார் விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கும் இரண்டாம் வீடுகள் பெருகி, உள்ளூர் இளைஞர்கள் வீடு வாங்க இயலாமல் வெளியேறும் பகுதியில் இது சிறிய காப்பு அன்று.

இதே மக்கள்தாம் ஒரு காலத்தில் மதுவிடுதிகளை அஞ்சினார்கள் என்பதையும் நீ அறிய வேண்டும். தேவாலயங்களும் மதுவிலக்கு இயக்கமும் கொடுத்த அழுத்தத்தால் வந்த 1881-ஆம் ஆண்டுச் சட்டம், வேல்ஸ் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுவிடுதிகளை மூட வைத்தது. 1961-க்குப் பின் மாவட்டந்தோறும் வாக்கெடுப்பு நடந்து தடை விலகிக்கொண்டே வர, இறுதிவரை விலகாமல் நின்றது லித்வைன் அடங்கிய துவைவோர் மாவட்டமே. அங்கே 1996 வரை தடை நீடித்தது. ஊரார் கைக்கு வந்த முதல் ஆண்டுகளில் விக்கின் கதவும் ஞாயிறன்று மூடியேதான் இருந்திருக்கும். அன்று வேல்ஷ் மொழி தேவாலய இருக்கைகளில் பாட்டாகவும் பிரசங்கமாகவும் வாழ்ந்தது. இன்று அந்தத் தேவாலயங்கள் பலவும் மூடப்பட்டுவிட்டன. மக்கள் தாமாகக் கூடி, தாமாகப் பேசும் இடம் வேறெங்கே இருக்கிறது?

வகுப்பு போதாதா என்கிறாய். லித்வைனிலிருந்து கடலை நோக்கி இறங்கும் செங்குத்தான சாலையின் முடிவில் நாந்த் குர்த்தெய்ர்ன் இருக்கிறது. ஆளில்லாமல் பாழடைந்த அந்தக் குவாரிக் குடியிருப்பை, மருத்துவர் கார்ல் கிளோவ்ஸ் முன்னின்ற அறக்கட்டளை 1978-இல் வாங்கி வேல்ஷ் மொழி மையமாக்கியது. அங்கே இலக்கணமும் உச்சரிப்பும் அருமையாகக் கற்பிக்கிறார்கள். ஆனால் ஆட்டுவிலையைப் பற்றிச் சலித்துக்கொள்வதும், பழைய பகையைச் சிரித்துத் தீர்ப்பதும், பாட்டுக்கு இடையே குறுக்கிடுவதும் பாடத்திட்டத்தில் அடங்குவன அல்ல. ஆங்கிலம் மட்டுமே அறிந்த ஒருவர் வந்தமர்ந்ததும் மேசை முழுவதும் மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடும் நாட்டில், வேல்ஷே இயல்பாக ஒலிக்கும் ஓர் அறை மிக அரிது. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் 17.8 விழுக்காட்டினரே அம்மொழி பேசுவதாகச் சொன்னார்கள், லித்வைன் அடங்கிய குவினெத் பகுதியில் 64.4 விழுக்காடு. அந்த எண்ணிக்கை தங்குவது இப்படிப்பட்ட அறைகளில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லித்வைன் தனித்து நிற்கவும் இல்லை. கேர்னார்வனுக்கு அருகே லாந்துரோக் ஊரார் 2021-இல் பங்குகள் விற்று 4 லட்சம் பவுண்டுக்கும் மேல் திரட்டி, தங்கள் டீன் லான் மதுவிடுதியை மீட்டார்கள்.

விடுமுறையில் ஒருநாள் லித்வைனுக்குப் போய் வா, தம்பி. ஆரஞ்சுச் சாறு கேட்டாலே போதும். ஆனால் வேல்ஷில் கேள், தடுமாறினாலும் பாதகமில்லை. பரிமாறுபவர் உன்மேல் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறினாலும் நீ மாறாமல் 'தியோல்க்' என்று நன்றி சொல்லி, அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்