விக்கா சாத்தான் வழிபாடு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம். ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 நெருங்கினாலே, மேலைநாடுகளில் பின்பற்றப்படும் விக்கா என்ற இயற்கை வழிபாட்டுச் சமயத்தைச் சாத்தான் வழிபாடு, பில்லி சூனியம் என்று சொல்லும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகின்றன. இது அபாண்டம். விக்காவில் சாத்தானுக்கு இடமே கிடையாது. அதைப் பின்பற்றுவோரில் பெரும்பாலோர் வணங்குவது நிலவோடு தொடர்புடைய ஒரு தேவியையும் கொம்புள்ள ஒரு தேவனையும்தான்.

இங்கிலாந்தில் பழைய சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்ட பிறகு, இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர். இது தொன்மையான மதத்தின் தொடர்ச்சி என்று அவர் சொன்னதை இன்றைய வரலாற்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. 20-ஆம் நூற்றாண்டில் உருவான சமயம் என்பதே அவர்கள் முடிவு. அதனால் என்ன? புதிய நம்பிக்கைக்கும் மரியாதை உண்டு.

சடங்கின்போது கறுப்புப் பிடி போட்ட கத்தியால் காற்றில் வட்டம் வரைந்து, நான்கு திசைகளையும் அழைக்கிறார்கள். அந்தக் கத்தி பலி கொடுப்பதற்கல்ல. பருவங்களை ஒட்டி ஆண்டுக்கு எட்டுப் பண்டிகைகள், அப்புறம் பௌர்ணமிக் கூடுகைகள். யாருக்கும் தீங்கில்லாதவரை விரும்பியதைச் செய் என்பதுதான் தலையாய நெறி.

அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1986-இலேயே விக்காவைச் சமயமாக ஏற்றது. ஆனாலும் அங்கே படைவீரர் கல்லறைகளில் அவர்களது ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க, 2007 வரை வழக்காட வேண்டியிருந்தது. நாட்டுக்காக உயிர்விட்டவர்களின் குடும்பங்களை இதற்காக அலையவிட்டதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

இந்த அக்டோபரில் தங்கள் நாளிதழ் விக்காவைப் பற்றி ஒரு விளக்கக் கட்டுரை வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர்