கணக்காய்வு அறிக்கையைச் சபையில் வாசியுங்கள்

வன்னிப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குப் போட்டு உங்களை அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன் இரண்டு வருடத்துக்கு மேல் சபையே இல்லை. 2023 மார்ச்சில் காலம் முடிந்த பிறகு சபைச் செயலாளர்கள்தான் எல்லாவற்றையும் கொண்டு நடத்தினார்கள். அந்தச் செலவுகளைப் பற்றி எழும்பிக் கேட்க உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. அந்த வருடங்களுக்கான கணக்காய்வு அறிக்கைகளை நீங்கள் எத்தனை பேர் கேட்டு எடுத்து வாசித்தீர்கள்?

எங்கள் உள்வீதிகளுக்கு வருவது பெரும்பாலும் கிரவல் மண்தான். ஆவணி, புரட்டாதியில் டிப்பர் வந்து கொட்டும், ரோலர் ஓடும், வேலை முடிந்தது என்பார்கள். கார்த்திகை மழையோடு பாதி வாய்க்காலுக்குள் போய்விடும். கணக்கு முடிவது டிசம்பர் 31இல். கணக்காய்வாளர் அந்த வருடக் கணக்கை எடுத்துப் பார்ப்பது அடுத்த வருடம். அப்போது அவருக்கு முன்னால் இருப்பது வவுச்சரும் அளவீட்டுத் தாளும் ஒப்பங்களும். மழை கொண்டுபோன கிரவலுக்கும் வராமலே போன கிரவலுக்கும் கடதாசியில் வித்தியாசம் தெரியாது. ஆறு அங்குலம் போட்டார்களா, மூன்று அங்குலமா என்பது அந்த வீதியால் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவருக்குத் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

அதற்காகக் கணக்காய்வு வீண் வேலை என்று நான் சொல்லவரவில்லை. கணக்காய்வாளர் நாயகம் உங்களுக்கோ அமைச்சருக்கோ கீழே வேலை செய்பவர் அல்ல. அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையின்படி அரச திணைக்களங்களோடு உள்ளூராட்சி சபைகளின் கணக்கையும் பார்த்து, நாடாளுமன்றத்துக்கு அறிக்கையிடுபவர். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டத்தின்படி, நட்டத்துக்குப் பொறுப்பானவரிடமிருந்தே காசை அறவிடவும் வழி இருக்கிறது. ஆனால் இந்தச் சுதந்திரம் கொழும்பில் அடிக்கடி ஆட்டம் காண்கிறது. கணக்காய்வு உத்தியோகத்தர்களின் நியமனங்களைப் பார்க்க 2015இல் வந்த கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவை 2020இல் 20ஆம் திருத்தம் இல்லாமல் செய்தது, 2022இல் 21ஆம் திருத்தம் திருப்பிக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் கணக்காய்வாளர் நாயகம் ஓய்வுபெற்ற பிறகு நிரந்தர நியமனம் மாதக்கணக்கில் இழுபட்டது. அதையெல்லாம் உங்களால் சரிசெய்ய முடியாது, தெரியும். உங்கள் சபையின் கூட்டறையில் நடப்பதைச் சரிசெய்யலாம்தானே?

எங்கள் ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளர் பொதுக்கூட்டத்தில் பற்றுச்சீட்டுக் கட்டோடு எழும்பி நின்று கணக்கு வாசிப்பார். சீமெந்துப் பை ஒன்று கூடிவிட்டால் பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா கேட்டுவிடுவார். கோடிக்கணக்கில் வரவுசெலவு பார்க்கும் சபை அந்த அளவுக்காவது இறங்கி வரலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். அறிக்கை கைக்குக் கிடைத்த அடுத்த மாதாந்த அமர்வில் கணக்காய்வு ஐயவினாக்களையும் (கணக்காய்வாளர் எழுதிக் கேட்ட கேள்விகள்) அவற்றுக்கு உங்கள் நிர்வாகம் கொடுத்த பதில்களையும் தமிழில் வாசியுங்கள். "கவனத்தில் எடுக்கப்படும்" என்ற வரி பதில் ஆகாது. யார், எந்தத் தேதிக்குள் என்று சொல்லுங்கள். ஒரு பிரதியைச் சபையின் நூலகத்தில் பேப்பர் வாசிக்கும் மேசையிலேயே வையுங்கள். அப்புறம் முக்கியமானது: கிரவல் வேலைக்கு இறுதிக் கொடுப்பனவு செய்யுமுன், மழைக்கு முதலே, தொழில்நுட்ப உத்தியோகத்தர் அந்த ஊர்ச் சங்கத்தில் இருவரை வைத்துக்கொண்டு தடிப்பை அளக்கட்டும். அவர்களுடைய ஒப்பமும் அந்த வேலையின் கோவையில் இருக்கட்டும். வேலை எடுத்தது அதே சங்கம் என்றால் பக்கத்து ஊராரைக் கூப்பிடுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையிலும் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தால் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாளுக்குள் நீங்கள் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வீதிக்கும் ஒவ்வொரு விண்ணப்பமாக எழுதிக்கொண்டிருக்க எங்களுக்கும் விருப்பமில்லை. அடுத்த அமர்வின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேருங்கள். பார்வையாளர் வாங்கில் வந்து இருக்கிறோம்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு வாக்காளர்