‘உள்ளேன் ஐயா’வுக்குப் பிறகு ஒரு வாக்கியம்

ஆசிரியருக்கு,

வணக்கம். மாணவர்களிடையே சாதி உணர்வு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்கவும் பரிந்துரைத்திருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் உட்காரும்வரைதான் அகரவரிசை. சாப்பாட்டு மணி அடித்ததும் தெருவாரியாகப் பிரிந்துவிடுவார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து அதைத் தினமும் பார்த்தவன் நான்.

ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்த ஆண்டு, வருகைப்பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்பதோடு இன்னொரு வாக்கியமும் சொல்லச் சொன்னேன்: இன்று காலை முதலில் எதைப் பார்த்தாய்? முதல் நாள் முதல் பையன் ‘மாடு’ என்றான். அடுத்த பதினொரு பேரும் மாட்டையே பார்த்திருந்தார்கள்!

கடைசி பெஞ்சில் ஒருவன் முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவான். ‘தூங்குமூஞ்சி’ என்று பட்டப்பெயர். அவன் தினமும் ‘பூ’ என்றே சொல்லிவந்தான், வகுப்பு சிரிக்கும். ஒரு வாரம் கழித்து அவனே விளக்கினான்: “நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு மல்லிகை பறிக்கப் போவேன் ஐயா. மொட்டாகவே பறிக்க வேண்டும், விரிந்தால் விலை போகாது.” அன்று யாரும் சிரிக்கவில்லை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு இருப்பதைப் பாடமாக நடத்தியவன்தான் நான். அதைப் பறிக்கும் விரல்கள் என் வகுப்பில் இருந்தது தெரியாமல் போயிற்று.

பட்டப்பெயர் வைத்தவனே மறுநாளிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். தலை சாய்ந்தால் முழங்கையால் இடிப்பது, விட்டுப்போனதை எழுதிக் கொடுப்பது எல்லாம் அவன் பொறுப்பாயிற்று. இருவரும் வேறு வேறு தெரு. எங்கள் பகுதியில் அதற்கு என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை.

இதனால் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டுவது நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு மாணவி ஆண்டு முழுவதும் ‘உள்ளேன் ஐயா’வோடு நிறுத்திக்கொண்டாள். நானும் வற்புறுத்தவில்லை. சொல்லாமல் இருக்கவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டல்லவா?

இதற்கெல்லாம் பத்து நிமிடம் போதும். ‘வகுப்பில் கதை பேசுகிறீர்களாமே’ என்று என்னிடம் விசாரித்தவர்களும் உண்டு. அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போனதும் அந்தப் பத்து நிமிடமும் சிறுதேர்வுக்குப் போய்விட்டது. பொதுத்தேர்வு வகுப்புகளிலும் காலையில் அந்த நேரத்தை வகுப்பாசிரியருக்கே விட்டுவைக்கும்படி கல்வித் துறையைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.