எண்ணுப்பெயர் இல்லாத மொழியில் எண்ணிக்கை

ஆசிரியருக்கு,

‘மொழியே சிந்தனையின் எல்லை’ என அடித்துச் சொல்லும் கட்டுரைகளில் பிரேசிலின் பிரஹா மக்கள் தவறாமல் வந்துவிடுகிறார்கள். மைசி ஆற்றங்கரையில் வாழும் அவர்கள் மொழியில், ஒன்று உட்பட, துல்லியமான எண்ணுப்பெயர் எதுவும் இல்லை என்கிறது 2008இல் வெளியான ஆய்வு. அதற்காக, அவர்களுக்கு எண்ணிக்கையே பிடிபடாது என்பது அவசர முடிவு.

அதே ஆய்வில் நூல்கண்டுகளை வரிசையாக வைத்து, அதே அளவுக்கு ஊதாத பலூன்களை வைக்கச் சொன்னார்கள். 4 முதல் 10 வரை, கண்டுக்கு எதிரே ஒரு பலூனாக, அநேகமாகப் பிழையின்றி வைத்தார்கள். (2004இல் வேறொரு ஆய்வாளர் இதிலேயே பிழைகள் கண்டிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.) கண்டு வரிசையைக் குறுக்காகத் திருப்பி வைத்தபோதும், அதை மறைத்தபோதும், கண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தெரியாத குவளைக்குள் போட்டபோதும்தான் கணக்கு பிசகியது. ஒன்றுக்கு எதிரே ஒன்றாக வைத்துப் பார்க்க முடிந்தால் சொல் தேவைப்படவில்லை. அது முடியாதபோது எண்ணிக்கையை மனத்தில் தக்கவைக்கவே தேவைப்படுகிறது.

காதில் விழும் பேச்சை உடனுக்குடன் திருப்பிச் சொல்லவைத்தபோது, ஆங்கிலம் பேசுவோரும் குவளைச் சோதனையில் தடுமாறினார்கள். எண்ணுப்பெயர் தெரிந்தும், அதைச் சொல்லி எண்ண வாய் ஓயவில்லையே!

இம்மக்களை உதாரணம் காட்டுவோர் எந்தச் சோதனை என்பதையும் சேர்த்தே எழுதட்டும்.

– வாசகர், தஞ்சாவூர்