சேரம்பாடி வட்டார மகளிர் கால்பந்து ரசிகர் மன்றம்: 2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அக்கா அவர்களே, சோலாடி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் சேச்சிகளே, சேட்டன்மாரே, இந்தப் பனியிலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் மற்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார், அதில் நான் கை வைக்கவில்லை.

உறுப்பினர் எண்ணிக்கை இந்த ஆண்டு கூடியிருக்கிறது. பாதிக்கு மேல் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள். மிச்சம் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், அப்புறம் நம் செவன்ஸ் மாமாக்கள். மாமாக்கள் சேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும். கமுகு மரம் கட்டிய கேலரியில் உட்கார்ந்து, ஏழு ஏழு பேராக ஆடுகிற மலப்புறம் செவன்ஸ் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். "பொம்பளைப் பிள்ளைங்க ஆட்டத்துல வேகம் இருக்காது" என்று போன பொதுக்குழுவின்போது வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனவர்கள். ஜூலையில் மழைக்கு ஒதுங்க, நாம் கூடி ஆட்டம் பார்க்கிற படிப்பகத்துக்குள் வந்தார்கள், ஆகஸ்டில் சந்தா கட்டினார்கள். இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

2024-ல் ஒலிம்பிக் ஆட்டங்களை மன்றமாகக் கூடிப் பார்க்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வயநாட்டுச் சூரல்மலையில் மண் சரிந்த நாட்கள் அவை. மேப்பாடிப் பக்கம் சொந்தபந்தம் இல்லாத வீடு நம்மில் குறைவு. அந்த ஆண்டு மன்றப் பணம் முழுவதும் அங்கே போனது. அதனால் 2025-ஐத் தொடங்கும்போது கையில் ஒன்றும் இல்லை. புரொஜெக்டரும் பழசு, பேட்டரியும் பழசு.

ஐரோப்பியக் கோப்பை ஜூலை 2 முதல் 27 வரை சுவிட்சர்லாந்தில் நடந்தது. அங்கே இரவு ஒன்பது மணி ஆட்டம் என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. இங்கே ஜூலை மாதம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை: மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் யானை வரும். எனவே செயற்குழு ஒரு விதி போட்டது. நள்ளிரவு ஆட்டம் பார்க்க வந்தவர் யாரும் விடியும் முன் வீடு திரும்பக் கூடாது. பாயும் போர்வையும் அவரவர் கொண்டுவர வேண்டும், கட்டன் சாயா மன்றத்தின் பொறுப்பு. ஆட்டம் முடிந்து கோபத்தில் எழுந்து போகப் பார்த்தவர்கள்கூட இந்த விதியால் உட்கார்ந்து விவாதம் செய்ய வேண்டியதாயிற்று. மன்றம் உருப்பட்டதற்கு யானைக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

முதலில் நம் நாட்டு ஆட்டம். 2026 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று தாய்லாந்தின் சியாங் மாயில் நடந்தது. ஜூன் 23-ல் மங்கோலியாவை 13-0 என்று இந்தியா அடித்தது. பியாரி சாசா ஐந்து கோல் போட்டார். ஆனால் நம் படிப்பகத்தில் கூச்சல் அதற்கு எழவில்லை. பிரியதர்ஷினி செல்லதுரை இரண்டு போட்டபோது தமிழ்ப் பெஞ்சும், காசர்கோட்டு மாளவிகா ஒன்று போட்டபோது மலையாளப் பெஞ்சும் எழுந்து நின்றன. பிறகு திமோர் லெஸ்தே மீது நான்கு, இராக் மீது ஐந்து. இவற்றைக் கொண்டாடினோம் என்றாலும், பதின்மூன்று கோல் ஆட்டத்தில் ஒரு அணியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் கிடையாது என்று தலைவர் சொன்னது சரி.

ஜூலை 5, சனிக்கிழமை, தாய்லாந்தோடு கடைசி ஆட்டம். தரவரிசையில் தாய்லாந்து 46, நாம் 70. அவர்கள் இரண்டு உலகக் கோப்பை ஆடியவர்கள், சொந்த மைதானம் வேறு. முதல் பாதியில் சங்கீதா பாஸ்போர் தூரத்திலிருந்து அடித்த பந்து உள்ளே போனது. இடைவேளை முடிந்து வந்ததுமே தாய்லாந்து சமன் செய்துவிட்டது. அதன் பிறகு கொஞ்ச நேரம் நம் பிள்ளைகளின் கால் தடுமாறியதை நான் மறைக்கப் போவதில்லை. பந்தை வெளியே அடித்தால் போதும் என்ற ஆட்டம்தான் ஆடினார்கள். 74-வது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தில் மறுபடியும் சங்கீதா. 2-1. தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பைக்குள் போவது இதுவே முதல் முறை. 2022-ல் நம் நாட்டிலேயே நடந்த கோப்பையில், அணிக்குள் கொரோனா பரவி பாதியிலேயே விலக வேண்டிவந்ததை நினைத்துப் பார்த்தால் இந்த இரண்டு கோலின் கனம் தெரியும். ஆட்டம் முடிந்தபோது இங்கே கரண்ட் இல்லை. கடைசிப் பத்து நிமிடத்தை ஒரே போனைச் சுற்றி நின்றுதான் பார்த்தோம். லைவ் லிங்க் தேடிப்பிடித்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு மன்றத்தின் நன்றி.

இனி ஐரோப்பா. குரூப் ஆட்டங்களைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை. நடப்புச் சாம்பியன் இங்கிலாந்து முதல் ஆட்டத்திலேயே பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றது, "இவ்வளவுதானா?" என்று செவன்ஸ் மாமாக்கள் கேட்டார்கள். அது மட்டும் குறிப்பில் இருக்கட்டும்.

காலிறுதி, இங்கிலாந்து எதிர் ஸ்வீடன். ஸ்வீடனுக்கு இரண்டாம் நிமிடத்தில் அஸ்லானி, 25-ல் ஸ்டினா பிளாக்ஸ்டேனியஸ், 2-0. மே மாதம் லிஸ்பனில் பார்சிலோனாவைக் கவிழ்த்து ஆர்சனலுக்குச் சாம்பியன்ஸ் லீக் கோப்பை வாங்கித் தந்த அந்த ஒற்றைக் கோலும் பிளாக்ஸ்டேனியஸ் அடித்ததுதான். இங்கிலாந்து ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. சிலர் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார்கள். 79-வது நிமிடம், குளோயி கெல்லி இடப்பக்கத்திலிருந்து தூக்கிக் கொடுத்த பந்தை லூசி பிரோன்ஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 81-ல் பத்தொன்பது வயது மிஷெல் அஜிமாங். போர்த்தியவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

கூடுதல் நேரமும் போய் பெனால்டி வந்தது. அதைப் பெனால்டி என்று சொல்வதா, பரிகாசம் என்று சொல்வதா? பதினான்கு உதையில் ஐந்துதான் உள்ளே போயின. ஸ்வீடன் கீப்பர் ஃபால்க் நான்கைத் தடுத்தார். தடுத்தவரே ஐந்தாவது உதைக்கு வந்து நின்றார், போட்டால் ஸ்வீடன் ஜெயித்தது. பந்து கம்பத்துக்கு மேலே போனது. இந்தப் பக்கம் இங்கிலாந்து கீப்பர் ஹன்னா ஹாம்ப்டன், மூக்கில் ரத்தம் நிற்காமல் பஞ்சைத் திணித்துக்கொண்டு நிற்கிறார். பிறவியிலேயே கண் பார்வையில் குறை, பந்தின் தூரம் சரியாகத் தெரியாது, கீப்பராக முடியாது என்று சின்ன வயதில் சொல்லப்பட்டவர். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அன்று இரண்டைத் தடுத்தார். ஏழாவது உதைக்கு வந்தவர் லூசி பிரோன்ஸ். ஓடி வந்து நடுவில் ஒரே அடி. இந்தப் போட்டி முழுவதையும் அவர் முழங்காலுக்குக் கீழே கால் எலும்பில் விரிசலோடுதான் ஆடினார் என்பது கோப்பை முடிந்த பிறகே தெரிந்தது. "அந்தக் காலோட நான் மேட்டுக் காட்டுக்கு ஏற மாட்டேன்" என்று எங்கள் டிவிஷன் அக்கா ஒருத்தர் சொன்னார். கூடை சுமந்து தினம் மேடு ஏறுகிறவரின் சொல் அது. நான் வாசித்த எந்த விமர்சனத்தையும்விட அதையே மதிப்பேன்.

சனிக்கிழமை இரவு இன்னொரு காலிறுதி, ஜெர்மனி எதிர் பிரான்ஸ். மறுநாள் ஞாயிறு லீவு என்பதால் படிப்பகத்தில் கால் வைக்க இடமில்லை. 13-வது நிமிடத்திலேயே ஜெர்மனியின் ஹென்ட்ரிச் எதிராளியின் சடையைப் பிடித்து இழுத்தார். சிவப்பு அட்டை, பெனால்டி, கோல். சடையைப் பிடித்ததற்கெல்லாம் வெளியே அனுப்புவதா என்று மாமாக்கள் கேட்க, பெண்கள் பெஞ்சிலிருந்து வந்த பதிலை அறிக்கையில் எழுத முடியாது. மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேர் சமன் செய்தார்கள், தங்களுக்குக் கிடைத்த ஒரு பெனால்டியை வீணாக்கினார்கள், அப்புறமும் விழவில்லை. 103-வது நிமிடம்: தங்கள் ஆளே தலையால் தள்ளிய பந்து சொந்தக் கோலுக்குள் வளைந்து இறங்குகிறது. கீப்பர் ஆன் கத்ரின் பெர்கர் பின்பக்கமாகவே கால் மாற்றி மாற்றி ஓடி, காற்றில் மல்லாந்து, கோட்டின் மேல் ஒரு கையால் தட்டினார். முப்பத்து நான்கு வயது, தைராய்டு புற்றுநோய் இரண்டு முறை வந்து மீண்டவர். பெனால்டியில் இரண்டைத் தடுத்து, ஒன்றைத் தானே போட்டு, 6-5 என்று முடித்தார். செவன்ஸ் மாமாக்களில் மூத்தவர் அந்த 103-வது நிமிடத்தைத் திருப்பிப் போடச் சொன்னார். மறுபடி, மறுபடி. வேகத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஜூலை 27 இறுதி ஆட்டம், இங்கிலாந்து எதிர் ஸ்பெயின், பாசல் நகரம், நமக்கு இரவு ஒன்பதரை. பந்தை வைத்து அழகாக ஆடியது ஸ்பெயின்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்பெயினுக்கு மரியோனா தலையால் ஒன்று போட்டார், 57-ல் இங்கிலாந்தின் அலெஸ்ஸியா ருஸ்ஸோ சமன் செய்தார், பெனால்டியில் இங்கிலாந்து 3-1. ஹாம்ப்டன் மரியோனாவையும் ஐதானா பொன்மத்தியையும் தடுத்தார். கடைசி உதை குளோயி கெல்லி. முழங்காலைத் தூக்கி ஒரு நொண்டி எட்டு எடுத்துவைத்து ஓடி வருவாரே, அதை இன்றைக்கும் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் பிள்ளைகள் செய்கிறார்கள். பயிற்சியாளர் சரீனா வீக்மனுக்கு இது தொடர்ந்து மூன்றாவது ஐரோப்பியக் கோப்பை, முதலாவது 2017-ல் நெதர்லாந்தோடு. காலிறுதி முதல் இறுதி வரை மூன்று ஆட்டத்திலும் சேர்த்து இங்கிலாந்து முன்னிலையில் இருந்த நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. நல்ல அணி ஜெயித்ததா என்று அன்று விடிய விடியச் சண்டை. என் கட்சி ஸ்பெயின், தலைவர் கட்சி இங்கிலாந்து. சண்டை தீரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். "பெண்களாயிருந்தும் இவ்வளவு நன்றாக ஆடுகிறார்களே" என்ற பேச்சு அந்தச் சண்டையில் ஒருவர் வாயிலும் வரவில்லை. யார் மோசம், எந்தப் பாஸ் தப்பு, கோச் ஏன் ஆளை மாற்றவில்லை, இதுதான் பேச்சு. மன்றம் தொடங்கியதே இதற்காகத்தான்.

அதே வாரத்தில் ரபாத்தில் நைஜீரியா மொராக்கோவிடம் 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று ஜெயித்துப் பத்தாவது ஆப்பிரிக்கக் கோப்பையை எடுத்தது. அதைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிந்தது. ஆகஸ்ட் 2-ல் நடந்த தென்னமெரிக்கக் கோப்பையான கோப்பா அமெரிக்கா இறுதி பற்றிச் சொல்லாமல் விட்டால் சேச்சிகள் விடமாட்டார்கள். கீட்டோவில் பிரேசில் எதிர் கொலம்பியா. பிரேசிலின் முப்பத்தொன்பது வயது மார்த்தா கடைசி நேரத்தில் மாற்று ஆளாக இறங்கினார். 90 தாண்டி ஆறாவது நிமிடத்தில் பாக்ஸுக்கு வெளியே நின்று இடது காலால் அடித்து 3-3 ஆக்கினார். கூடுதல் நேரத்தில் இன்னொன்று. கொலம்பியா அதையும் 4-4 ஆக்கியது. பெனால்டியில் மார்த்தா உதைத்தால் கோப்பை என்ற நிலையில் அவர் உதையைத் தடுத்துவிட்டார்கள். இருந்தும் பிரேசில் 5-4 என்று ஜெயித்தது. நம் பக்கம் ஆண்கள் பிரேசில் கொடியை மட்டும் கட்டித் திரிகிற உலகக் கோப்பைக் காலங்களை நினைத்து, மார்த்தா படம் போட்ட ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தோம். மழையில் கிழிந்துவிட்டது. செலவு கணக்கில் இருக்கிறது.

கோழிக்கோட்டுப் பயணம். தாமரசேரி சுரம் இறங்கி, வேன் வைத்து, கோகுலம் கேரளா பெண்கள் அணியின் ஆட்டம் பார்க்கப் போனோம். உகாண்டாவின் ஃபாசிலா இக்வாபுத் பந்தோடு திரும்புவதை நேரில் பார்க்க வேண்டும். அந்த சீசனில் அவருக்கு 24 கோல். இந்தியப் பெண்கள் லீக் பட்டம் கடைசியில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டது, கோகுலம் இரண்டாமிடம். 2019-ல் மதுரை சேது அணி பட்டம் எடுத்ததை நம்மவர்கள் திரும்பும் வழியெல்லாம் சேச்சிகளுக்கு நினைவுபடுத்திக்கொண்டே வந்தார்கள். சுரத்தில் இரண்டு பேருக்கு வாந்தி.

ஒரு குறை. நம் பெண்கள் ஐந்து ஐந்து பேராக ஆட ஒரு மைதானம் கேட்டோம். "பொம்பளைங்க ஆடினா கிரவுண்ட் கெட்டுப்போகும்" என்று பதில் வந்தது. இடத்தின் பெயரை எழுத விரும்பவில்லை. 1920 டிசம்பரில் லிவர்பூலில் பெண்கள் ஆட்டம் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருஷமே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது, அது நீங்க 1971 ஆனது. நாங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டோம். பிப்ரவரியில் மறுபடி மனு கொடுக்கிறோம்.

வரும் ஆண்டு: மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஆசியக் கோப்பை. நம் குரூப்பில் ஜப்பான், வியட்நாம், சீன தைபே. ஜப்பான் 2011-ல் சுனாமி அடித்த நான்கே மாதத்தில் உலகக் கோப்பை வென்ற நாடு, அதனிடம் தோற்றால் தலை குனிய வேண்டியதில்லை. வியட்நாம்தான் நம் கணக்கு. தைபே பழைய கடன்: 1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியில் அவர்கள்தான் நம்மை 2-0 என்று அடித்தார்கள். 2027-ல் பிரேசிலில் நடக்கும் உலகக் கோப்பைக்கும் இதுவே வாசல். பெர்த் நகரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் ராத்திரி முழிக்கத் தேவையில்லை, ஆனால் ஆட்டம் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் வந்து விழலாம். அந்த நாட்களில் வேலையை முன்னதாக முடிக்க அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். தாள் வாசல் மேஜையில் இருக்கிறது.

பேட்டரி மாற்றும் தீர்மானத்தைப் பொருளாளர் அக்கா முன்மொழிவார். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாயா குடிக்கும் முன்பே கட்டிவிடவும், குடித்த பிறகு ஆள் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்