பேய்க்கு விதி போதும், பூர்வகதை வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பேய்ப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இன்றைய படங்கள் இவ்வளவு பயமுறுத்துவதற்குக் காரணம் மேக்கப்பும் கிராபிக்ஸும் தியேட்டர் ஒலியும்தான் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருபது வருடமாக இந்த வகைப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், பெரும்பாலானவை மறுநாள் காலையிலேயே மறந்துபோயின, நாலைந்து மட்டும் இன்னும் கூடவே இருக்கின்றன. அந்த நாலைந்தில்கூட பேயின் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அது எப்படி வரும், வந்தால் என்ன ஆகும் என்பதுதான் மனசில் நிற்கிறது.

2014இல் வந்த ‘இட் ஃபாலோஸ்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் ஒரு சாபம், தொற்றியவரைத் தேடி வருவது நடந்து வரும், அவ்வளவுதான். ஓடாது, பறக்காது. யார் உருவத்திலும் வரலாம், சாபம் தொற்றியவர்களைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. காரில் ஏறி வெகுதூரம் போய்விட்டால் கொஞ்ச நேரம் தூங்கலாம், ஆனால் நீங்கள் தூங்குகிற நேரத்திலும் அது நடந்துகொண்டேதான் இருக்கும். எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன வேண்டும் என்று கடைசிவரை ஒரு வார்த்தை கிடையாது. இந்த விதியை ஒருமுறை நம் காதில் போட்டுவிட்ட பிறகு இயக்குநர் டேவிட் ராபர்ட் மிட்செல் கேமராவைத் தள்ளி வைத்து அகலமாகக் காட்டினால் போதும், பின்னணியில் நடந்து போகிற ஒவ்வொருவரையும் நாமே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறோம். ஒரு பள்ளிக்கூடக் காட்சியில் கேமரா நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுகிறது, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் யாரோ நடந்து வருவது தெரிகிறது, கேமரா ஒரு சுற்று சுற்றி அதே ஜன்னலுக்கு வரும்போது அந்த உருவம் இன்னும் கிட்டே வந்திருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் யாரும் கவனிக்கவில்லை. இசையும் அலறவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இங்கே இருட்டே இல்லை, பட்டப்பகல்.

ஜம்ப் ஸ்கேர் என்கிற திடுக்கிட வைக்கும் உத்தியைக் கட்டுரையாளர் இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு போல எழுதியிருந்தார், அது ரொம்பப் பழசு. 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போவாள், பின்னால் வந்த காலடிச் சத்தம் சட்டென்று நின்றுபோகும், ஏதோ பாயப் போகிறது என்று நாம் நினைக்கும்போது சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து. அந்த உத்தியைக் குறை சொல்லவில்லை, ஆனால் யார் வேண்டுமானாலும் காதருகே தட்டைத் தட்டினால் உடம்பு தூக்கித்தான் போடும். அது உடம்பின் வேலை. பயம் வேறு.

2013இல் வந்த ‘தி கான்ஜுரிங்’கில் வருகிற கைதட்டலும் திடுக்கிட வைக்கிற காட்சிதான், ஆனால் இயக்குநர் ஜேம்ஸ் வான் அதை எவ்வளவு பொறுமையாகக் கட்டுகிறார் பாருங்கள். முதலில் அது குழந்தைகளின் விளையாட்டு: கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒளிந்திருப்பவர்களின் கைதட்டலைக் கேட்டுத் தேட வேண்டும். கைதட்டினால் அங்கே பிள்ளை இருக்கிறது என்று நமக்கும் பழகிவிடுகிறது. அப்புறம் அம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு தேடும்போது அலமாரிக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்து தட்டுகின்றன, பிள்ளை வேறு அறையில் இருக்கிறது. பின்னொரு நாள் இருட்டில், அவள் முகத்துக்குப் பக்கத்திலேயே. கைகள் மட்டும். ஒரு விளையாட்டின் விதியைப் பேய் கற்றுக்கொண்டு விளையாட்டில் சேர்ந்துகொண்டது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ‘ஹெரெடிட்டரி’யில் (2018) இதற்கு நேர்மாறு, சத்தமே கிடையாது. மகன் இருட்டில் படுக்கையில் எழுந்து உட்காருகிறான், அவனுக்குப் பின்னால் சுவரின் மேல் மூலையில் அம்மா ஒட்டிக்கொண்டிருக்கிறாள், படம் அதைச் சுட்டிக்காட்டவே இல்லை. தியேட்டரில் எனக்கு முன் வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள், பிறகு இடது பக்கம் இன்னொருவர், நான் இன்னும் என்னவென்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மூன்று விநாடி போலப் பயந்த நேரம் எனக்கு வேறு இல்லை.

சரி, பேய்க்குக் கதையே கூடாதா? இதைப் பற்றி நிறைய யோசித்தேன். 1998இல் வந்த ஜப்பானியப் படமான ‘ரிங்கு’வில் பேயாக வரும் சடாகோவுக்கு முழுக் கதையும் உண்டு: அம்மா, அவளுக்கு நேர்ந்த அவமானம், கிணறு. (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) அவளுடைய சாபம் ஏறிய ஒரு வீடியோவைப் பார்த்தால் ஏழு நாளில் சாவு. கதாநாயகி உண்மையைத் தேடிப்போய், கிணற்றுக்குள் இறங்கி, அந்தப் பெண்ணின் எலும்பை எடுத்து அணைத்துக்கொள்கிறாள், பாவம், இனி ஆத்மா சாந்தியாகிவிடும் என்று நாமும் நம்புகிறோம். மறுநாள் டிவி தானாக ஓடுகிறது, சடாகோ வெளியே வருகிறாள். நம் இரக்கமோ நாம் தெரிந்துகொண்ட கதையோ அவளை ஒன்றும் செய்யவில்லை, விதி மட்டும் அப்படியே நிற்கிறது. ஆக, கதை சொல்லலாம், அந்தக் கதை நம்மைக் காப்பாற்றக் கூடாது. இன்னொன்று, அந்த விநோதமான நடைக்குக் கிராபிக்ஸ் இல்லை: கபுகி என்கிற ஜப்பானிய நாடகக் கலையில் பயிற்சி பெற்ற நடிகையைப் பின்னோக்கி நடக்க வைத்து, படச்சுருளைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினார்கள். முகத்தையும் முடியால் மூடிவிட்டார்கள்.

‘கான்ஜுரிங் 2’வில் (2016) வருகிற கன்னியாஸ்திரியைக் கட்டுரையாளர் மேக்கப்புக்கு உதாரணமாகச் சொல்லியிருந்தார். அந்தப் பாத்திரம் முதலில் கொம்பு வைத்த அரக்கனாகத்தான் இருந்தது, பிற்பாடு மறுபடியும் எடுத்த காட்சிகளில்தான் வெளுத்த முகமும் அங்கியுமாக மாறியது. மேக்கப்பைக் குறைத்த பிறகுதான் உலகமே பயந்தது என்று அர்த்தம். ஒரு நிழல் சுவரோரமாக நகர்ந்து ஓவியத்துக்குப் பின்னால் போய் நிற்க, ஓவியத்தின் இரண்டு ஓரங்களிலும் விரல்கள் வந்து பற்றுமே, அந்தக் காட்சியில் எந்த விளக்கமும் இல்லை. 2018இல் அதே உருவத்துக்குத் தனிப்படம் எடுத்து, ருமேனியாவில் ஒரு மடம், அடைத்து வைத்த வாசல், பழைய பிரபு என்று எல்லாவற்றையும் விளக்கினார்கள். வசூல் கொட்டியது. ஆனால் எனக்கு அதன் மீதிருந்த பயம் அன்றோடு போய்விட்டது, அது இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேய்ப் படங்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள், அந்தப் பேய் யார், எப்படிச் செத்தது, யாரைப் பழிவாங்க வந்தது என்பதை இரண்டாவது பத்தியிலேயே எழுதிவிடுகிறார்கள், சென்ற மாதம்கூட அப்படி ஒரு விமர்சனத்தைப் படித்துவிட்டுத்தான் படத்துக்குப் போய் உட்கார்ந்தேன், இரண்டு மணி நேரமும் வீண். கதை மையத்தை எழுதட்டும், நடிப்பை எழுதட்டும், ஒலியமைப்பைப் பற்றி ஒரு பக்கமே எழுதட்டும். பேயின் பூர்வகதையை மட்டும் எங்களுக்காக விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்