இடது கை

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் போட்டால் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இங்கே எல்லாரும் சௌக்கியம். கொல்லைக் கதவை மாற்றியாகிவிட்டது. மற்றதெல்லாம் அப்புறம்.

போன ஞாயிறு வீடியோவில் முழுக்கைச் சுடிதார் போட்டிருந்தாய். மே மாதத்தில், புனேயில். பேசி முடிக்கிறவரை இடது கை மடியைவிட்டு மேலே வரவில்லை. மோதிரம் வலது கைக்கு மாறியிருக்கிறது. உன் அப்பாவே கவனித்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாய் என்று தெரியாதா?

தஞ்சாவூர் போய் ஒரு பிசியோதெரபிப் பெண்ணைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று பொய் சொன்னேன். உனக்குச் செய்த மாதிரி ஆபரேஷனில் அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டால் அந்த நீர் போக வழி குறைந்து கையில் தேங்குமாம். ரத்தத்துக்கு இருக்கிற மாதிரி இதைத் தள்ள இதயம் கிடையாது. அந்தக் குழாய்கள் தாமாகச் சுருங்குவதும், நாம் மூச்சு விடுவதும், கையை அசைப்பதும்தான்.

தேங்கினதை வடியவைக்கத் தடவுகிற முறையை அவள் என் முன்கையில் செய்து காட்டினாள். கை வைத்திருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. தோல் மட்டும் லேசாக நகர்ந்து, திரும்பித் தன் இடத்துக்கு வந்தது. அவ்வளவுதான். பொங்கலுக்கு வந்தபோது கை கடுக்கிறது என்றாயே, நல்லெண்ணெய் காய்ச்சி முறுக்குப் பிழிகிற கையால் அழுத்தித் தேய்த்தேனே, அது தப்பாம். எண்ணெயே கூடாதாம். நீயாவது சொல்லியிருக்கலாம்.

முதலில் வயிறு உப்ப நாலைந்து மூச்சு. அப்புறம் கழுத்துக் குழி, வலது அக்குள். அதன் பிறகு மார்பின் மேல் இடமிருந்து வலமாக. கைக்கு வந்தால் தோளில் தொடங்கி, விரல் கடைசி. தடவுவது மட்டும் எப்போதும் மேல்நோக்கி. வடிகாலைத் தூர் வாராமல் வயல் தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? டெல்டாக்காரிக்கு அவள் இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. தடவி முடித்ததும் அளவெடுத்து வாங்கின இறுக்க உறையைப் போட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் வீங்கும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் அடித்தால் தடவவே கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் போ. இடது கையில் ஊசி போட விடாதே. கனமான பையை அந்தப் பக்கம் மாட்டாதே. ஊசி விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

ஆபரேஷன் ஆன ஐந்தாவது வாரமே ஆபீஸ் போனவள் என்று கல்யாண வீடுகளில் உன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறேன். அம்மாவிடம் "கை வீங்கியிருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்ல மட்டும் உனக்கு வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், செல்வி. அப்பாயியின் யானைக்கால்.

திண்ணையில் தனி ஸ்டூல், தனித் துண்டு, தனிச் சோப்பு எல்லாம் வைத்தது நான்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுக்க வருகிற ஆள் சொல்லிவிட்டுப் போவார், கழுவின காலை விரல் இடுக்குவரை ஈரம் போகத் துடைக்கணும், இல்லாவிட்டால் புண்ணாகிக் காய்ச்சல் வரும் என்று. அப்பாயிக்குக் குனிய முடியாது. நான் ஒரு நாளும் குனியவில்லை. எட்டு வயதில் நீதான் பாவாடை நுனியால் துடைத்துவிடுவாய். "ஒட்டிக்கும்டி" என்று உன் முதுகில் நாலு வைத்தேன். ஒட்டாது, கொசுவால் வருவது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருந்ததை அதற்கு முன்பே படித்திருந்தேன். எனக்கு அருவருப்பு, அதுதான் விஷயம். அப்பாயிக்கும் அது தெரியும். சாகிறவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்படிப்பட்ட அம்மாவிடம் எந்தப் பெண் வீங்கின கையைக் காட்டுவாள்?

தினமும் அப்பா கையில் பழகுகிறேன். பத்து நிமிஷத்தில் குறட்டை. முந்தாநாள் "இன்னும் மெல்ல" என்றார், இப்போது அதுவும் சொல்வதில்லை. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன்.

வருகிற 21ஆம் தேதிக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று போன் செய்யாதே. பருப்புப்பொடியும் வடகமும் எடுத்து வருகிறேன். எண்ணெய் எடுத்து வரமாட்டேன்.

அம்மா